உறையின் பின்பக்கம்

அச்சகத்து ஸ்வாவா கேட்கிறாள்:
"உறையின் பின்பக்கம் நான்கு வரி காலி.
எப்படித் தொடங்கினீர்கள், எழுதிக் கொடுங்கள்."

கனவு என்று எழுதலாம். காகிதம் தாங்கும்.

அந்தக் குளிர்காலம் ஈசாஃபியோர்துரில்
சூரியன் மலைக்குப் பின்னாலேயே கிடந்தது.
தொண்டைக்குக் கதிர்வீச்சு முடிந்து வீடு வந்த தோர்கெல்
எதைக் கொடுத்தாலும் துருப்பிடித்த ஆணி என்றான்.
காட் மீன், ஆணி. காப்பி, ஆணி.
பிறகு அதையும் சொல்லவில்லை;
தட்டை நகர்த்திவைப்பான், சத்தமில்லாமல்.

கசப்பு ஒருவேளை மிச்சமிருக்கும் என்றாள் தாதி.
மீன் ஆலையில் இரவு வேலை முடிந்து
கை கழுவி, திரும்பவும் கழுவி
கொக்கோவை உருக்கினேன்.
முதல் தட்டு கருகியது.
மூன்றாவது மணலாய் நெறுநெறுத்தது.
ஏழாவதில் மீன் வாடை; அதை நானே தின்றேன்.

பதினோராவது துண்டை வாயில் அதக்கிக்கொண்டு
நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தான்.
"உப்பு பத்தலை" என்றான்.

குறை சொன்னான்!
நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்,
அவன் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

இப்போது சனிக்கிழமைதோறும் துறைமுகத்தில்
நாற்பது பட்டை விற்கிறது.
தோர்கெலுக்கு நாக்கு திரும்பிவிட்டது;
மீன்தான் கேட்கிறான், சாக்லேட்டைத் தொடுவதில்லை.

நான்கு வரியில் அடங்காது, ஸ்வாவா.
"உப்பு சேர்த்தது" என்று மட்டும் போடு.