நலம் நூறு சதவீதம்

லாரன்ஸ் ரோட்டில் மாடிக்கடை.
கீழே செருப்புக்கடை.
இந்தப் பன்னிரண்டு படியை
யாரும் சந்தோஷமாக ஏறி வந்ததில்லை.

அமலதாஸ் வந்தது
ஐப்பசி முகூர்த்தம் முடிந்த திங்கட்கிழமை.
டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தார்,
சுட்டுக்கொண்ட விரலைச் சுற்றுவதுபோல.
உள்ளே ஏழு கல்யாணம், ஒரு மஞ்சள் நீராட்டு,
முதுநகர் மாதா கோயில் தேர்.
"போன வாரம்கூடப் பார்த்தேன் சார்.
பச்சை. நலம் நூறு சதவீதம்னு போட்டிருந்தது."
செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார்,
பணம் கட்டிய ரசீதைக் காட்டும் முகத்தோடு.

போட்டிருந்தது. பொய்யில்லை.
கேட்டதற்கெல்லாம் டிஸ்க் ஒழுங்காகத்தான்
பதில் சொல்லியிருந்தது:
எத்தனை மணி நேரம் ஓடினாய், எவ்வளவு சூடு,
எத்தனை இடம் கெட்டு வேறிடம் மாற்றினாய்.
சுழியம், சுழியம், முப்பத்தொன்பது டிகிரி.
கேட்காத இடத்தில்,
போர்டுக்கு அடியில் ஒரு தொடுமுனையை
உப்புக்காற்று தின்றுகொண்டிருந்தது.
அதற்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை.

ஐஸ் கம்பெனி கலியவரதன் கதை வேறு.
அவர் மெஷினில் மஞ்சள் விழுந்தது
நான் கடை போட்ட வருஷம்.
கெட்ட செக்டர் எட்டு. மாற்றச் சொன்னேன்.
மறுவருஷம் பதினாறு. மாற்றச் சொன்னேன்.
"ஓடுதில்ல?" என்றார்.
ஓடுகிறது, ஆறாவது வருஷமாக,
அம்மோனியா வாடைக்கும் கரண்ட் கட்டுக்கும் நடுவே
நண்டு வண்டிகளின் பாக்கியை எழுதிக்கொண்டு.
துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால்
எனக்கு போன் போட்டுச் சிரிப்பார்:
"உன் மஞ்சளை ஏத்திட்டாங்கப்பா."

மூன்றாம் எண் கூண்டு. நானும் பார்த்திருக்கிறேன்.
அது ஆடிக்கொண்டேயிருக்க
மழை நெல்லூர்ப் பக்கம் போய்விடும்.
மேட்டில் ஏற்றிக் கட்டிய படகுகள்
வெயிலில் கிடக்கும்.
போன கூலிக்காகக் கூண்டைத் திட்டுவார்கள்.
அடுத்த தடவையும் ஏற்றிக் கட்டுவார்கள்.

ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
செத்து வந்தவை எண்பத்தேழு.
முன்பே மஞ்சள் காட்டியவை நாற்பத்தொன்று.
கடைசி நாள்வரை பச்சை, முப்பத்திரண்டு.
மிச்சத்தை ஒருவரும் திறந்து பார்த்ததேயில்லை.
ஷமீனா சொல்கிறாள்:
"கணக்கே கோணல் அண்ணே.
மஞ்சளோட ஓடுறவன் இந்தப் படி ஏறுவானா?"
கலியவரதன் நோட்டில் இல்லை.
அவள் சொல்வது சரி.

ஆனாலும் மஞ்சளைப் பொய்யென்று
என்னால் எழுத முடியவில்லை.
எட்டு பதினாறாக ஒரு வருஷம் எடுத்தால்
டீ குடித்துவிட்டுப் போகலாம்.
பதினாறு ஒரே வாரத்தில் நானூறானால்
ராத்திரியே வண்டியை எடுக்க வேண்டும்.
பச்சைதான் எனக்குப் பயம்.
பச்சை என்றால் இவ்வளவுதான்:
எனக்குத் தெரிந்தவரை.

தொடுமுனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
பிடித்தது, நின்றது, மறுபடி பிடித்தது.
இரவு ஒன்றரை வரை தேரும்
ஐந்து கல்யாணமும் வந்தன.
ஆறாவதில் பாதி. பிறகு சுழலவே இல்லை.
அந்த இரண்டு வீட்டுக்கும் என்ன சொல்வது என்று
அமலதாஸ் கேட்பார் என்றிருந்தேன்.
"இனிமே எந்த நம்பரைப் பார்க்கணும் சார்?"
என்று கேட்டார்.

எல்லாவற்றையும் பாருங்கள் என்றேன்.
பார்க்கிற நேரத்தில்
இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி
ஓடிக்கொண்டிருக்கட்டும் என்றேன்.
தலையாட்டினார். வாங்குவாரா, தெரியாது.
அதைச் சொல்லும் மென்பொருள் என்னிடம் இல்லை.

அவரை வழியனுப்பிவிட்டு
நோட்டைத் திறந்து எண்பத்தெட்டு என்று எழுதினேன்.
பச்சைப் பக்கம், முப்பத்துமூன்று.
ஷமீனா அதை வாங்கிக்கொண்டு
கீழே ஜெராக்ஸ் எடுக்கப் போனாள்.
இரண்டு பிரதி.
ஒன்று கடைக்கு,
ஒன்று திண்டிவனத்தில் அவள் அக்கா வீட்டுக்கு.
அங்கே கடல் காற்று கிடையாது.