கடைசி நான்கு நிமிடம்

படம் முடியும்போதுதான் நான் உள்ளே போவேன்.
கையில் துடைப்பம், தோளில் குப்பைப் பை.
சாட்ஸ்வொர்த் மால், மூன்றாம் அரங்கு,
வாரத்துக்குப் பதினோரு தடவை
அதே நான்கு நிமிடம்:
மழை வரப்போகும் ஒரு பேருந்து நிறுத்தம்,
ஒருத்தி குடையை மடக்குகிறாள்,
ஒருவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி
பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போகிறான்.
இருட்டு. பெயர்கள். விளக்கு.

மிச்சப் படத்தை
வெளியேறுகிறவர்கள் சொன்னார்கள்,
பின்னாலிருந்து முன்னால்.

மருந்துக்கடை பிரகலாதன் மூட்லிக்கு
மண்டை காய்ந்துவிட்டது.
"போறதுக்கு முன்னாலேயே திரும்பி வந்துட்டானே!
அப்ப போனது யாரு?
தொண்ணூறு ரேண்ட், தம்பி, தொண்ணூறு."

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் லோகாம்பாள் நாயக்கர்
படிக்கட்டில் நின்று விரல்விட்டுப் பார்த்தாள்.
கணக்கு சரி.
ஆனால் ஒரே நாற்பது வருஷத்தை
மூன்று தடவை வாழ்ந்தவன்
எங்கேயும் ஒரு வாய் சாப்பிடவில்லையே,
அதுதான் அவளுக்கு இடித்தது.

வெஸ்ட்வில் பையன்கள் இரண்டு பேர்
பாப்கார்ன் டப்பாவைக் கிழித்துக்
கோடு போட்டுக் கிளை பிரித்தார்கள்.
ஒரு கிளையில் அவன் சாகிறான்,
ஒன்றில் பிறக்கவே இல்லை,
ஒன்றில் எண்ணெய்க் கறை.
அந்த அட்டையைப் பொறுக்கியது நான்தான்.

நாதமுனி படையாச்சி சொன்னது வேறு:
"அந்த மெஷின் என் கையில கிடைச்சா
கேட்டோ மேனர் போவேன்.
எங்க வீட்டை இடிச்ச புல்டோசரோட சாவியை எடுத்து
பாக்கெட்ல போட்டுக்குவேன். அவ்வளவுதான்.
உலகத்தைக் காப்பாத்துறதை
வேற யாராவது பாத்துக்கட்டும்."
சொல்லிவிட்டு
பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே
கார் வரைக்கும் நடந்தார்.

பாப்கார்ன் மேடையில் தண்டேகா சிரித்தாள்:
தினம் இரண்டு டாக்ஸி மாறி
வேலைக்கு வர வேண்டியிருந்தால்
அவனுக்குத் திரும்பிப் போக ஏது நேரம்?

செவ்வாய்தோறும் தனியாக வரும் பச்சைச் சேலைக்காரி மட்டும்
எதுவும் சொன்னதில்லை.
கிழித்த டிக்கெட்டைப் பர்ஸில் பத்திரப்படுத்துவாள்,
எங்கோ காட்ட வேண்டிய ரசீது மாதிரி.

இதையெல்லாம் ஒட்டி
நானும் ஒரு படம் செய்து வைத்திருந்தேன்.
அது பிரிவு.
கடிகாரம் அவளுக்கு அவன் விட்டுப்போவது.
ஆறு வாரம் அவனுக்காக இரக்கப்பட்டுக்கொண்டே பெருக்கினேன்.

ஒரு ஞாயிறு, லீவு.
டிக்கெட் வாங்கி நடுவரிசையில் உட்கார்ந்தேன்.
செருப்படியில் பாப்கார்ன் நொறுங்கியது;
யாராவது பெருக்கட்டும்.

முதல் காட்சியிலேயே
அதே பெஞ்சில் அந்தக் கடிகாரத்தை
அவன் கண்டெடுக்கிறான்.
அப்படியானால் அதை வாங்கியது யார்?
எந்தக் கடையில்?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
'இறந்த காலம் என்றால் செத்துப்போன காலம்' என்றெழுதி
முட்டை வாங்கியவன் நான்.
இங்கே செத்தது ஒன்றுகூட
போட்ட இடத்தில் கிடக்கவில்லை.

பேருந்து நிறுத்தம் வந்தது. தரையெல்லாம் தண்ணீர்.
மழை வரப்போவதில்லை,
பெய்து ஓய்ந்திருக்கிறது.
இத்தனை நாள் பார்த்தும் நான் தரையைப் பார்க்கவில்லை,
தரையைப் பெருக்குகிறவன்.

அவள் குடையில் கை வைத்தாள்.
கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
கைபேசி வெளிச்சங்கள் ஒவ்வொன்றாய் எழும்பின.
"ஏய், நீ இங்க வேலை செய்யற ஆள்தானே?
முடிவு தெரியுமா?"
முப்பது முகம் என் பக்கம்.

தெரியும் என்பது
நேற்றுவரை உண்மை.

"அவ குடையை மடக்குவா" என்றேன்.
"எதுக்கு?" என்றது
பின்வரிசையில் ஒரு பெண்குரல்.

இரண்டு மணி நேரம் ஆகும், பணம் திரும்பத் தருகிறோம்
என்றார் மேனேஜர் வாசலிலிருந்து.
யாரும் எழுந்திருக்கவில்லை.
நான் மட்டும் குனிந்து,
லீவு என்பது மறந்து,
இருட்டில் கைக்குத் தட்டுப்பட்ட
காலிக் கோப்பையை எடுத்தேன்.