புள்ளி

கந்தோரின் பின்வாசலால் இறங்கினால்
வாவிக் கரைக்கு ஏழு நிமிஷம்.
மதியச் சாப்பாட்டுக்கு நாற்பத்தைந்து தருவார்கள்.
போகவரப் பதினாலைக் கழித்து
மிச்சத்தை இங்கே செலவழிக்கிறேன்.

பூங்கா என்று பேர்தான்.
நாலு நிழல்வாகை, இரண்டு சிமெந்து வாங்கு,
அரசாங்கப் பச்சையில் ஒரு கம்பிவேலி.
தண்ணீரும் பச்சை.
அது வேறு பச்சை,
டெண்டர் இல்லாமல் அடித்தது.

வாங்கிலின் பக்கத்தில் நீலப் பலகை, மும்மொழியில்.
நடுவில் நம்முடையது:
‘பறவைகளுககு உணவு போடாதீர்கள்.’
வாசித்தால் விக்கல் எடுத்தவன் மாதிரி இருக்கும்.
பதினோரு வருஷமாகப் பிழை திருத்துகிறேன்,
மாதச் சம்பளத்துக்கு.
இந்த ஒரு புள்ளிக்காகச் சம்பளமில்லாமல்
மூன்று கடிதம் எழுதினேன்.
ஒன்றுக்குப் பதில் வந்தது, சிங்களத்தில்:
கவனத்தில் எடுக்கப்பட்டது.

கூழைக்கடாக்கள் மரத்தின் உச்சியில்
யாருக்கோ காத்திருக்கின்றன.
கீழே பட்டுப்போன கட்டைகளில் நீர்க்காகங்கள்
சிறகிரண்டும் விரித்து, அசையாமல்,
சோதனைச் சாவடியில் நிற்பதுபோல.
முன்பெல்லாம் நான் அப்படி நின்றிருக்கிறேன்,
இந்த வாவியின் மற்றக் கரையில்,
கைப்பையைக் காலடியில் வைத்துவிட்டு.
இவை வெயில் காய்கின்றன. அவ்வளவுதான்.

வடிகானால் ஏறிவந்த கபரகொய்யா
காதலர் குடையொன்றைச் சுற்றி
அவசரமில்லாமல் போகிறது.
காவலாளி கித்சிறி விசில் ஊதுகிறான்,
குடைக்கு.
கபரகொய்யாவுக்கு அனுமதி உண்டு போலும்.

மழை வரப்போகிற வாசம்,
அதற்குள்ளே கொஞ்சம் செத்த மீன்.
கோட்டைப் பக்கமாக ரயிலொன்று போக
பச்சைத் தண்ணீரில் பெட்டிகள் நெளிந்து கடக்கின்றன.

இன்றைக்கு என்ன பிடித்ததோ,
பார்சலை விரித்தவள்
சம்பல் படாத ஒரு பருக்கையாகப் பார்த்து
விரலால் மசித்து
எழும்பிப் போய்
அந்த ‘க’வின் தலையில் ஒட்டினேன்.
நல்ல வெள்ளை. அளவும் சரி.
தள்ளி நின்று வாய்விட்டு வாசித்தேன்:
பறவைகளுக்கு.
விக்கல் நின்றுவிட்டது.

வாங்கிலுக்குத் திரும்பவில்லை,
காகம் ஒன்று பலகையில் வந்து குந்தி
தலையைச் சரித்து
ஒற்றைக் கண்ணால் வரியைப் பார்த்து
புள்ளியைக் கொத்திக்கொண்டு போயிற்று.

விசில்.
இந்தமுறை எனக்கு.
கித்சிறி பலகையைக் கைகாட்டுகிறான்.

நியாயம்தான்.
மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறதே.