ஓரத்தில் ஒரு கணக்கு

முதல் வகுப்பிலேயே சண்டை.
அறிவியல் புனைவு என்றால் என்ன?
ராக்கெட் வேண்டுமா, வேண்டாமா,
பேய் வந்தால் சேர்த்தியா, இல்லையா.
எதிர்காலம் இருந்தால் போதும் என்றாள் எவெலினா.
அப்படியானால் பஸ் கால அட்டவணை? என்றான் தார்ன்லி.
டாக்டர் கீலி வெண்பலகையில் ஒரு வட்டம் போட்டார்,
பாதியை அழித்தார், மணி பார்த்தார்.
எனக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது.

இரவுப் பணி முடிந்து நேரே வருகிறவள் நான்.
காற்றாலை இறகுக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை.
ஒவ்வொன்றும் எண்பது மீட்டர்,
கொட்டகைக்குள் படுத்துக் கிடக்கும்
கரையொதுங்கிய ஏதோவொன்று போல.
எத்தனை குளித்தாலும் காதோரம்
கொஞ்சம் வெள்ளைத் தூசி மிச்சமிருக்கும்.
நாற்பத்தாறு வயதில் எதற்கு இந்தப் பட்டம்
என்றார் ஃபோர்மேன்.
கதை படிக்கச் சம்பளம் தரமாட்டார்கள்,
கடனாவது தருகிறார்களே என்றேன்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய இதழ்கள்.
மலிவுத் தாள்; தொட்டால் விளிம்பு உதிர்கிறது.
அட்டையில் பச்சை வானம்,
கண்ணாடிக் குடத்தைத் தலையில் கவிழ்த்த பெண்,
மூன்று நிலா,
யாருக்கும் நிழல் விழவில்லை.
உள்ளே பற்பொடி விளம்பரம்.
தபாலில் ரேடியோ பழுதுபார்க்கக் கற்கலாம்.

1956 இதழில் ஒரு கதை:
வியாழனுக்குப் போகிறார்கள் பதினாறு பேர்.
கதை நடக்கும் ஆண்டு 1999.
அந்த வருடம் நான் இதே ஹல் நகரத்தில்
மீன் ஆலையில் நின்று
ஹாடக்குக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.
வியாழனிலிருந்து தந்தி வந்ததாக நினைவில்லை.

நாற்பத்தோராம் பக்கத்து ஓரத்தில்
பென்சில் எழுத்து, அழுத்தி எழுதியது:
தப்பு. பதினாறு பேருக்கு இந்தக் காற்று
பதினொரு நாள்தான் வரும்.
கீழே பெருக்கல், வகுத்தல், மீதி மூன்று.
அதற்கும் கீழே:
திரும்பியதும் உருளைக்கிழங்கு, விளக்குத் திரி,
ஐரினுக்குச் செருப்பு, நாலாம் நம்பர்.
பின்னட்டையில் ஆர். ஸ்டேதர்ஸ் என்று பெயர்,
ஒரு மீன்பிடிக் கப்பலின் பெயர்.
பக்கத்தின் கால்வாசியில் உப்புநீர்
தன் இஷ்டத்துக்கு ஒரு தீவு வரைந்திருந்தது.

ஐஸ்லாந்துக்கு வடக்கே எங்கோ
கயிறெல்லாம் பனிக்கட்டி பிடித்த ராத்திரி,
கீழ்ப் படுக்கையில் ஒருவன்
அடுத்தவர் மூச்சை எண்ணிப் பார்த்திருக்கிறான்.
அவன் கப்பலில் எத்தனை பேரோ.

'வகைமையின் எல்லைகளை விவாதிக்க'
என்பது கட்டுரைத் தலைப்பு.
கதையை விட்டுவிட்டு
அந்தச் செருப்பைப் பற்றி எழுதினேன்.
வியாழன் ஊகம், சரி.
நாலாம் நம்பர் மட்டும் என்னவாம்?
ஐரினின் கால் அதற்குள் வளர்ந்திருக்கலாம்.
ஐம்பத்தெட்டு மதிப்பெண்.
'சுவாரஸ்யம். ஆதாரம் போதாது.'

தார்ன்லி போனை எடுத்தான்:
அந்தக் கப்பல் என்ன ஆனதென்று
ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.
திரையின் மேல் கையை வைத்து மூடினேன்.
இதழ் திரும்பியிருக்கிறது, டா.
ஆனால் கடலில் கப்பலுக்குக் கப்பல்
புத்தகம் மாற்றிக்கொள்வார்கள் என்றும் கேள்வி.
பாதிச் சாட்சி.
மீதிப் பாதியை அப்படியே விட்டுவை.
அவனுக்குக் கோபம்.
ஆராய்ச்சி இப்படியா செய்வது என்றான்.
நியாயமான கேள்விதான்.

அன்றிரவு முகமூடியை மாட்டினேன்.
வடிகட்டி எட்டு மணி நேரம் தாங்கும்,
பெட்டியில் அச்சிட்டிருக்கிறது,
நான் சரிபார்த்ததில்லை.
இறகின் அடிப்புறம்,
எங்கே தேய்க்கவேண்டும் என்று குறிக்கிற பென்சிலால்
எழுதினேன்:
திரும்பியதும் பால், பல்பு,
இன்னும் இரண்டு ஆதாரம்.

காலை ஷிஃப்ட் வந்து
மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.
வியாழக்கிழமை கப்பலில் ஏற்றுகிறார்கள்.
பாலை நான் மறந்துதான் போனேன்.