பாதி அரிசி

எப்சிபாவின் லாரி
பந்தியில் வயிறுமுட்டத் தின்றவனைப் போல
ஒருபக்கம் சாய்ந்தே வந்து நின்றது.
பின்னச்சின் இடது காற்றுப்பை
வதக்கிய கத்தரிக்காயாகச் சுருங்கிக் கிடந்தது.

"பேட்டரில ஓடுத கம்ப்ரஸர் மூணாந்தடவையா எரிஞ்சாச்சு.
வாரண்டி கேட்டா
ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு சொல்லுதான்."

லோடு என்ன என்று கேட்டேன்.
தேனீ என்றாள். இருநூற்றிப்பத்துப் பெட்டி.
ரப்பர் தளிர் முற்றிவிட்டது,
இனிக் காம்பில் தேன் ஊறாது.
சனிக்கிழமை இருட்டியதும் வாசலடைத்து ஏற்றி
பணகுடிக்கு அந்தப்பக்கம் முருங்கைத் தோட்டத்தில்
விடியுமுன் இறக்கியாக வேண்டும்.
போன வருஷம் பட்டை வைத்த வண்டி.
குலசேகரம் ரோட்டில் ஒரே ஒரு குழி;
நாற்பது பெட்டியில் அடை அறுந்து
ராணிகள் சொந்தத் தேனிலேயே மூழ்கின.
அதைச் சொல்லும்போது மட்டும்
என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்தாள்.

மோட்டாரை விடு,
எஞ்சினே மூச்சு விடட்டும் என்றேன்.

வடசேரி பழைய சாமான் கடையில்
எடை போட்டு வாங்கிய ஒற்றை சிலிண்டர்,
எந்தப் பஸ்ஸின் வயிற்றில் கிடந்ததோ.
ரிங் மாற்றினேன்.
வால்வுத் தகட்டைக் கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்தேன்.
பத்து எம்எம் தகட்டில் பிராக்கெட்.
கிராங்க் புல்லியில் ஒரு வரி காலியாக இருந்தது,
ஏசிக்கென்று கம்பெனிக்காரன் விட்டது.
இந்த வண்டிக்கு ஏசி கிடையாது, ஜன்னல் உண்டு.

பெல்ட் போட்டு ஓடவிட்டால்
பன்றி அறுக்கிற சத்தம்.
"பெல்ட் கொள்ளாது அண்ணே" என்றான் சஜின்.
நூல் பிடித்துப் பார்த்தேன்.
இரண்டு புல்லிக்கும் மூன்று மில்லி கோணல்.
மூன்று மில்லி என்பது பாதி அரிசி.
அந்தப் பாதி அரிசி
வாரம் ஒரு பெல்ட்டைத் தின்னும்.
துளையை நீளவாக்கில் அரம் போட்டு முடித்தபோது
மணி நாலரை,
சோற்றுப்பாத்திரத்தில் மீன்குழம்பு உறைந்திருந்தது.

எஞ்சின் ஆயிலையே கொடுத்துச் சம்ப்புக்கே திருப்பினேன்.
வெளிவரும் காற்று கொதிக்கும்,
ஆறடிச் செம்புக்குழாயை ஆட்டுக்குடல்போலச் சுருட்டி
ஆறவைத்த பிறகே டேங்குக்கு விட்டேன்.
எட்டு கிலோ ஏறினால் ஓய்வெடுக்க ஒரு கவர்னர்.

காற்றை இழுக்கும் வாய் மட்டும் பாக்கி.
பழையது எங்கிருந்து இழுத்தது என்று பார்க்க
அதன் வடிகட்டியைத் திறந்தேன்.
ஒரு கைப்பிடித் தேனீ.
காய்ந்து, காலோடு கால் கோத்து.

எப்சிபா ஒன்றை எடுத்து
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
"அப்ப மூணு தடவையும் இதுவா?"
இதுதான்.
"ஒரு வலைத்துண்டு கெட்டியிருந்தா
பழசே ஓடியிருக்குமா?"
பிராக்கெட் ஏறிவிட்டது, பெயின்ட் காயவில்லை.
ஓடியிருக்கும் என்றேன்.
சஜின் ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

வெகுநேரம் அவள் பேசவில்லை.
மேம்பாலத்தின்மேல் களியக்காவிளைப் பஸ் ஒன்று
பிரேக்கில் காற்றுவிட்டுப் போயிற்று.
"கழத்தாண்டாம்," என்றாள்.
"எஞ்சின் நின்னாத்தான இது நிக்கும்.
ஆனா கூலியில அறுநூறு கொறைப்பேன்."
நான் வாய் திறக்கவில்லை.
இழுவைக் குழாயை எஞ்சினின் ஏர்கிளீனருக்குப் பின்னால் கோத்தேன்,
தேனீ நுழையாத இடம்.

பிறகு சோப்புத்தண்ணி.
ஒவ்வொரு மூட்டிலும் பிரஷ் வைத்துத் தடவ,
டேங்கின் வடிகுழாயில் மட்டும்
குழந்தை எச்சில்போல ஒரு குமிழ்.
இன்னும் கால் திருகு.
லாரி எழுந்தது,
யாரோ முழங்காலில் கையூன்றி எழுவதுபோல
முதலில் வலது, பிறகு இடது.

சனிக்கிழமை ராத்திரி ரெண்டேகாலுக்குப் போன்.
ஆரல்வாய்மொழி.
பாதிப் பேச்சைக் காற்று தின்றுவிட்டது.
"...இங்க அடிக்க காத்துக்கு
வண்டி தனியா உருளும் போலிருக்கு...
பை நிக்குது... பெட்டியில காது வச்சேன்..."
என்ன கேக்குது என்றேன்.
பதிலில்லை. போனைப் பெட்டியருகே பிடித்திருப்பாள்.
ஒரு இரைச்சல் வந்தது.
தேனீயா, காத்தாடியா,
ஓடிக்கொண்டிருந்த எஞ்சினேதானா?
இருட்டில் எழுந்து உட்கார்ந்து கேட்டேன்.
நடுவே ஒருமுறை
'ட்ஸ்' என்றது.

எட்டு கிலோ.
அது மட்டும் எனக்குத் தெரிந்த சத்தம்.