இருபத்திரண்டு நிமிடம்

ஸ்கிப்டனைத் தாண்டியதும்
தண்டவாளத்தில் ஆடுகள்.
ஓட்டுநர் இறங்கிப் போய்க் கைதட்டி விரட்டியது
ஜன்னலோரம் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

கார்டு அவுத்வெய்ட் ஒலிபெருக்கியில் இருமினார்.
இருபத்திரண்டு நிமிடம் போய்விட்டது, மன்னிக்கவும்,
ஆப்பிள்பிக்குள் அதை மேக் அப் செய்துவிடுவோம் என்றார்.
யாரும் நிமிரவில்லை.
போன நேரத்தைத் திரும்ப எடுத்துவரப் போவதாக
ஒரு மனிதர் சொல்கிறார்,
இவர்கள் சாண்ட்விச் உறையைக்
கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர் இருக்கையில் ஹெஸ்டர்
கைக்கண்ணாடியைத் திறந்து
உதட்டுக்குச் சாயம் தீட்டினாள்.
அதற்கும் அதே பெயர்தான்.
விருந்தாளிக்குப் படுக்கை விரிப்பதற்கும்,
கடையில் உனக்குக் குறைந்த பத்துப் பென்ஸைப்
பின்னால் நிற்பவர் போடுவதற்கும்,
நடக்காததை நடந்ததாய்க் கட்டிச் சொல்வதற்கும்,
முகம் திருப்பிக்கொண்டவர்கள்
மறுபடி பேசுவதற்கும் அதே சொல்.
ஒரே வாணலியில்
முட்டையும் மீனும் பொரிக்கும் சிக்கனம்.

சொல்லின் வால் மேல்நோக்கி நிற்கிறது: அப்.
இழந்தது எல்லாம் கீழே கிடப்பது போலவும்
குனிந்து எடுத்தால் தீர்ந்தது போலவும்.
நமக்கு ஈடு.
தராசின் மறுதட்டில்
எதையாவது வைத்தாக வேண்டும்.
வைக்க ஒன்றும் இல்லாதவர்கள்
தராசு இருக்கும் தெருவுக்கே வருவதில்லை.

அமெண்ட்ஸ் என்றும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.
செய்த தவறுக்குப் பரிகாரம். எப்போதும் பன்மை.
ஒற்றையாய் அதைச் செய்ய
அந்த மொழியில் வழியில்லை.
ஒன்றோடு முடியாது என்று
பட்டவன் எவனோ வைத்த பெயர்.

ஒன்பது வருடம் முன்பு
அம்மா கார்லைல் ஆஸ்பத்திரியில் கிடந்த வியாழக்கிழமை
தங்கை ஈனிட் வரவில்லை.
வெள்ளிக்கிழமை வந்தபோது கட்டில் காலி.
ரயில் ரத்தாகிவிட்டது என்றாள்.
ஹெஸ்டர் ரயில்வேக்கு போன் போட்டு விசாரித்தாள்.
அன்று எல்லா வண்டியும்
நேரத்துக்கு ஓடியிருந்தன.

விசாரித்திருக்க வேண்டாம்.

பிறகு ஒரு அட்டை வந்தது, நீர்நாய் படம் போட்டது.
இதை உனக்கு எப்படியாவது மேக் அப் செய்கிறேன், ஈனிட்.
இதை என்றால் எதை?
அந்த வியாழக்கிழமையையா, அம்மாவையா,
அந்தப் பொய்யையா?
அட்டை மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் போயிற்று.
இந்த மார்ச்சில் ரசீது தேடும்போது
நீர்நாய் மறுபடி தலையை நீட்டியது.

கார்ஸ்டேலுக்கு அப்புறம் இறக்கம்.
வண்டி வேகம் பிடித்தது.
கல்வேலிகள் ஓட, கோப்பையில் தேநீர் நடுங்க
அவுத்வெய்ட் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து
யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டார்.
ஆப்பிள்பி. ஒரு நிமிடம் முன்னதாகவே.

ஹெஸ்டர் வழியெல்லாம்
ஒரே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள்:
வண்டி தாமதம், பாவம் நீ காத்திருந்தாயா?
அது வீணாயிற்று.
நடைமேடையில் யாரும் இல்லை.

பதினாறு நிமிடம்.
சாயம் காய்ந்த உதட்டைக் கடித்தபடி
ஒரு பூந்தொட்டியை நான்கு முறை சுற்றி வந்தாள்.

கடுகு நிற மழைக்கோட்டில்
மூச்சிரைக்க வந்தது ஈனிட்தான்.
நடையில் புதிதாய் ஒரு சாய்வு.
பஸ் லேட், என்றாள்.

அவள் தோளுக்குப் பின்னால்
பஸ் நேர அட்டவணை தொங்கியது.
ஞாயிறு: சேவை இல்லை.
கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிற எழுத்து.

ஹெஸ்டர் படித்தாள்.
இந்த பஸ்களே இப்படித்தான், என்றாள்.
பையின் ஒரு காதை
அவளிடம் நீட்டினாள்.