முப்பத்திரண்டாயிரம் சோம்

கடலே இல்லாத நாட்டின் தோர்தோய் சந்தையில்
கடைகள் எல்லாம் கப்பல் பெட்டிகள்,
இரண்டு அடுக்காய்.
மேலே சரக்கு, கீழே வியாபாரம்.
அதில் ஒரு பெட்டிக்குள்
எல்சார் என்ற பையன்
புதுப் போனின் கண்ணாடித் தாளை
நகத்தால் உரிக்கிறான், வெங்காயத் தோல் போல.

"விரலை வையுங்க அண்ணே."
வைத்தேன். இல்லை என்றது.
இடக்கை. அதுவும் இல்லை.
பதினெட்டு வருஷம் கயிறும் டீசலும் தின்ற விரல்கள்,
பத்தில் ஒன்றிலும் ரேகை மிச்சமில்லை.
"பரவாயில்லை, முகம் போதும்."
தொப்பியோடு என்னை அதற்குத் தெரியவில்லை.
தொப்பி இல்லாமல்
ஜனவரியில் ஓத்மோக் கணவாயில்
என்னை எனக்கே தெரியாது.

பழசை எடுத்து மேசையில் வைத்தேன்.
மூலையில் விரிசல்,
பின்மூடி ஒரு ரப்பர் பேண்டின் தயவில்.
குளிரில் செத்துப்போனால்
பேட்டரியைக் கழற்றி அக்குளில் இடுக்கி
நூறு எண்ணினால் உயிர் வந்துவிடும்.
புதுசில் ஒட்டியே விட்டார்களாம்.
"திறக்கவே தேவைப்படாது அண்ணே."
அப்படிச் சொல்லி விற்ற லாரி ஒன்று
என்னிடம் இருந்தது.

ரேடியோ இல்லை. இயர்போன் ஓட்டை இல்லை.
ஆனால் இருட்டில் படம் எடுக்கும்.
கடை விளக்கை அணைத்துக் காட்டினான்:
பின்சுவரில் தொங்கிய கோட்டின்
பித்தான் வரை எண்ணலாம்.
ஒத்துக்கொள்கிறேன், வாய் பிளந்துவிட்டேன்.
பீன்ஸ் விலையும் நிமிஷத்துக்கு நிமிஷம் வருமாம்.
போன அக்டோபரில்
என் பழசு சுற்றிச் சுற்றி யோசித்த கால் மணி நேரத்தில்
கிலோவுக்கு நாலு சோம் இறங்கிப்போய்,
தலாஸிலிருந்து ஏற்றிவந்த மொத்தச் சுமையும் நஷ்டம்.
அதை மறைத்தால் பொய்.

ஜீபெக் எகாத்தரின்பூர்கில்
ரொட்டித் தொழிற்சாலையில் இருக்கிறாள்.
ஞாயிறு இரவு பேசுவாள்.
தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிறாயா என்பாள்.
உடைந்த முன்பல் அவளுக்குத் தெரியாது,
தாடியின் நரையும்.
"இதில் ஒவ்வொரு முடியும் தெளிவா தெரியும் அண்ணே"
என்றான் எல்சார்.
அந்த இடத்தில்தான்
பர்ஸை நோக்கிப் போன கை நின்றது.

அவள் வசந்தத்திலேயே புதுசு வாங்கிவிட்டாள்.
அதிலிருந்து
பேசுமுன் அறை விளக்கை அணைத்துவிடுகிறாள்.
கண் கூசுகிறதாம்.
நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"பழசுக்கு என்ன தருவாய்?"
கறிக்கடைக்காரன் போல்
கையில் தூக்கிப் பார்த்தான்.
"எண்ணூறு."
இரண்டு பேர் சாப்பாடு. டீக்காசு தனி.

இதே முப்பத்திரண்டாயிரத்துக்கு
அடுத்த வரிசையில் நான்கு பனி டயர் வரும்,
கொஞ்சம் ஓடியவை.
டயருக்கு என் முகம் தெரிய வேண்டியதில்லை.
ஆனால் வழுக்கிய பிறகு
யாரையாவது கூப்பிட டயரால் ஆகாது.
வழுக்காவிட்டால் யாரை எதற்குக் கூப்பிட?
ஆனால் விலை இறங்கினால்?
ஒரு கால் கடைக்குள், ஒரு கால் பனியில்,
வருகிறவர் போகிறவர் எல்லாம் இடித்துக்கொண்டு போக
எனக்கு நானே வக்கீல்,
எனக்கு நானே எதிர்வக்கீல்.
தூ-அஷூ சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டால்
புதுசுக்கும் சிக்னல் இல்லை, பழசுக்கும் இல்லை.
அதுவும் ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டேன்.

டயர் வாங்கினேன்.
பேரத்தில் மிஞ்சிய காசோடு திரும்பி வந்து
எல்சாரிடமே பழசுக்கு ஒரு பேட்டரி.
அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு.
"போன் வாங்கிட்டியா?" இருட்டிலிருந்து ஜீபெக்.
"பார்த்துக்கிட்டே இருக்கேன்."
"அவசரமில்லை" என்றாள்,
கொஞ்சம் அவசரமாகவே.